பழவேற்காடு: கழிக்கரையில் நின்ற கோயில்கள்

தொண்டைநாட்டு ஊர்ப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, அந்நாடு முன்னாளில் மரஞ்செறிந்த காடாய் விளங்கியமை எளிதிற் புலனாகும். ஆல் மிக்க இடம் திருவாலங்காடு ஆயிற்று. முல்லை படர்ந்த இடம் திருமுல்லைவாயில் ஆயிற்று. வெள்வேல் நின்ற இடம் திருவேற்காடு ஆயிற்று. மக்கள் மரநிழலில் இறைவனைக் கண்டு வழிபட்டனர்; நிழல் தந்த மரம் தலமரம் ஆயிற்று; காடு திருந்தி ஊர் ஆயிற்று. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றோர் ஊர், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், ஆரணியாறு கடலை அணுகுமிடத்தில், உவர்க்கழியின் தென்கோடியில் அமைந்துள்ள பழவேற்காடு ஆகும்.

மூர்க்க நாயனார் தோன்றிய திருவேற்காடு திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற பெருமையுடையது. பழவேற்காட்டிற்குப் பதிகம் இல்லை. ஆயினும் வேலமரக்காடு என்னும் பொருளால் இரண்டும் ஒன்றே. வேலமரம் நல்ல நீரை நாடாது, உவர்மண்ணிலும் வேரூன்றி நிற்கும், கடற்காற்றுக்குச் சாயாது. இவ்வூரின் பிற்கால வரலாற்றை அறிந்தார்க்கு இப்பெயர் மிகப் பொருத்தமாகவே தோன்றும்.

மேனாட்டார் வாயில் இப்பெயர் பலவாறு திரிந்தது. போர்த்துக்கீசியர் 'பலியகாத்து' என்றனர். ஆங்கிலர் 'புலிக்காட்டு' என்றனர். ஆங்கிலத் திரிபைக் கேட்ட சிலர், புலிகள் வாழ்ந்த காடு என்று பொருள் சொல்லி மகிழ்வதுண்டு. அது நகைப்பிற்குரியது. தெலுங்கு வழங்குவோர் இவ்விடத்தைப் 'பிரளய காவேரி' என்றனர். விசயநகர வேந்தர் காலத்தில் 'ஆனந்தராயன் பட்டினம்' என்னும் சிறப்புப் பெயரும் வழங்கியது. அரசர் இட்ட பெயர் அரசரோடு போயிற்று; மரம் இட்ட பெயரே நிலைத்தது. இதனினும் வியப்புடையது ஒன்றுண்டு. மலாய் நாட்டினர் இன்றும் தாம் உடுக்கும் கட்டமிட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்பர். இலங்கையில் 'பளையகாட் சாரம்' என்பர். இரண்டும் இவ்வூரின் பெயரே. இங்கிருந்து கப்பலேறிய துணி, ஊரின் பெயரையும் உடன் கொண்டு சென்றது.

இவ்வூரின் வாழ்வும் தாழ்வும் கழியை ஒட்டியவை. ஆதலின் கழியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். பழவேற்காட்டு ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர்க் கழிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நீர் பெருகுங்கால் பரப்பு ஏறத்தாழ 450 சதுரக் கிலோமீட்டர். வற்றுங்கால் அதிற் பாதிக்குச் சிறிதே மேலாகச் சுருங்கும். இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது. தென்பகுதியே தமிழ்நாட்டைச் சார்ந்தது. ஆழமோ பெரும்பாலும் ஆள் நிற்கும் அளவினது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே நீண்ட மணற்றீவாகக் கிடப்பது சிறீஅரிக்கோட்டை. உலக்கைப்பாலையும் காயாவும் செறிந்த அத்தீவின் காட்டில் யானாதி என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். அங்கு வெட்டிய விறகு, பக்கிங்காம் கால்வாய் வழியே தோணிகளில் சென்னைக்கு வந்து நகரத்து அடுப்புகளை எரித்தது. 1971 ஆம் ஆண்டு முதல் அத்தீவு விண்கலங்களை ஏவும் நிலையமாயிற்று. அங்கு வாழ்ந்த குடிகளுட் பலர் வேற்றிடம் பெயர நேர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் ஆறுகளின் வழியே ஏரியில் நிறையும். அப்போது நீர் உவர்ப்புக் குறைந்து இனிமை பெறும். பங்குனி, சித்திரையில் கடல்நீரே மிகுந்து உவர்ப்பு ஏறும். நன்னீரும் உவர்நீரும் இங்ஙனம் மாறி மாறி ஆள்வதனாலேயே இறாலும் மடவையும் நண்டும் இங்குச் செழிக்கின்றன. இறாற்குஞ்சுகள் கடலிற் பிறந்து, ஏரியுட் புகுந்து வளர்ந்து, பருவம் எய்தியபின் மீண்டும் கடலுக்குச் செல்வன. பனிக்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். தொலைவிலிருந்து காண்பார்க்கு நீரின்மேல் செந்தாமரை பூத்தாற்போல் தோன்றும். கூழைக்கடாக்கள் அண்மையிலுள்ள நேலபட்டு என்னும் ஊரில், செங்கடம்பு மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இரைக்கு இவ்வேரியையே நாடுகின்றன.

இவ்வளவு வளமும் ஓர் இடத்தைப் பற்றி நிற்கிறது. அதுவே முகத்துவாரம், அஃதாவது ஏரி கடலோடு கலக்கும் வாய். அலையும் நீரோட்டமும் கொணரும் மணல் அவ்வாயை அடைக்கும். மழைவெள்ளம் அதனை உடைத்துத் திறக்கும். திறந்திருக்குங்கால் மீன் உண்டு, கப்பல் உண்டு, ஊர் உண்டு. அடைபட்டால் ஏரி நாறும், தோணி தரைதட்டும், குப்பத்தில் அடுப்பு எரியாது. வாய் அடைபட்ட ஆண்டுகளில் மீனவர்கள் ஊர்கூடி மண்வெட்டியும் கூடையும் எடுத்துச் சென்று மணலை வாரித் திறந்துவிடுவது வழக்கம். பழவேற்காட்டில் எதுவும் ஒருமுறை செய்தால் போதும் என்று விட்டிருக்க இயலாது. மீண்டும் மீண்டும் செய்யப்பட்டதே நிலைத்தது. இஃது ஏரிக்கு மட்டும் உரிய உண்மையன்று. கரையில் எழுந்த கட்டடங்களுக்கும் உரியது.

ஏரிக்கு வடக்கே கடலைச் சேரும் பொன்முகலியாறு சைவர்க்குப் புதியதன்று. கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய திருக்காளத்தி அதன் கரையிலுள்ளது. அதே ஆற்றின் கரையில், இன்னும் மேற்கே, குடிமல்லம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சிவலிங்கம் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. இன்றுவரை வழிபாட்டில் உள்ள மிகப் பழைய சிவலிங்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அக்கோயிலின் கருவறை, யானை படுத்திருப்பதைப் பின்புறத்தே நின்று நோக்கினாற் போன்ற வளைவுடையது. இவ்வமைப்பைத் தமிழர் தூங்கானை மாடம் என்றனர். வடநூலார் கசபிருட்டம் என்பர். திருஞானசம்பந்தர் பாடிய பெண்ணாகடத்துக் கோயிலுக்கு அதுவே பெயராகவும் அமைந்தது.

இத்தூங்கானை மாடங்கள் தொண்டைநாட்டின் வடபகுதியில் ஒருங்கு காணப்படுதல் கருதத்தக்கது. திருவொற்றியூர், திருமுல்லைவாயில், பாடி எனப்படும் திருவலிதாயம் ஆகிய பாடல்பெற்ற தலங்களின் கருவறைகள் இவ்வமைப்பினவே. திருவொற்றியூர்க் கருவறையை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்னும் துறவியாரின் விருப்பப்படி, இரவி என்னும் வீரசோழத் தச்சன் எடுத்தமை கல்வெட்டால் அறியப்படுகிறது. வேந்தன் பெயரொடு தச்சன் பெயரும் கல்லில் நின்றது நம் நாட்டில் அரிது, போற்றத்தக்கது.

பழவேற்காட்டிற்கு அணித்தாய், பொன்னேரியிலிருந்து வரும் வழியில் அமைந்த திருப்பாலைவனமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 'பாலைவனம்' என்றவுடன் நீரற்ற மணற்பரப்பை நினைத்தல் கூடாது. பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதே பொருள். வயலும் குளமும் சூழ்ந்த மருதநிலம் அது. இறைவன் திருப்பாலீசுவரர், அம்மை உலகாம்பிகை. தேவர்கள் பாற்கடல் கடைந்து பெற்ற அமுதின் ஒரு பகுதியை இலிங்கமாக்கி வழிபட்டனர் என்றும், கங்கை கொண்டு மீண்ட இராசேந்திர சோழன் பாலைமரக் காட்டில் பாசறை அமைத்தபோது, மரத்தை வெட்டுவித்த இடத்தில் வெண்ணிற இலிங்கம் வெளிப்பட்டது என்றும் தலவரலாறு கூறும். இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பு 1023 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. அப்பெருவேந்தன் காலத்திலேயே திருவொற்றியூரிலும் தூங்கானை மாடம் எழுந்தது என்பதனையும், கடற்கரை வழியாக வடக்கே செல்லும் பெருவழி இப்பகுதியை ஊடறுத்துச் சென்றிருக்கும் என்பதனையும் சேர்த்து நோக்கினால், தலவரலாற்றின் உட்கிடையில் வரலாற்றுக் கரு ஒன்று உண்டு எனக் கொள்வதில் இழுக்கில்லை.

பொன்னேரியைப் பற்றி ஒரு சொல். அங்கு அகத்தீசுவரர் கோயிலும் கரிகிருட்டிணப் பெருமாள் கோயிலும் உள்ளன. சித்திரைப் பெருவிழாவில் இரு மூர்த்திகளும் எழுந்தருளி ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் அரிஅரன் சந்திப்பைக் காணச் சுற்றுப்புறத்து ஊர்களெல்லாம் திரளும். சமயப் பிணக்குகளை வளர்ப்பார் அவ்விழாவை ஒருமுறை கண்டு வருதல் நலம்.

பழவேற்காட்டு ஊருக்குள்ளேயே இரண்டு பழங்கோயில்கள் உண்டு. ஒன்று ஆதிநாராயணப் பெருமாள் கோயில். மற்றொன்று சமயேசுவரர் என்னும் சிவபெருமான் கோயில். பெருமாள் கோயில் விசயநகரக் காலப் பணி. அதன்கண் இராமகாதை நிகழ்ச்சிகள் சாண் அளவும் இல்லாத சிறு சிற்பங்களாக வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. அணுகி நின்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தாலன்றி அவற்றின் நுட்பம் விளங்காது. சமயேசுவரர் கோயில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. 'சமயம்' என்னும் சொல், இடைக்காலக் கல்வெட்டுகளில் வணிகர் தம்முள் கூடிச் செய்துகொண்ட கட்டுப்பாட்டையும், அக்கட்டுப்பாட்டிற்குட்பட்ட வணிகக் குழுவையும் குறிக்கும். துறைமுகப்பட்டினத்துச் சிவபெருமானுக்கு இப்பெயர் வாய்த்ததை நோக்கின், கடல்வணிகக் குழுவினர் தம் பெயரால் எடுத்த கோயிலாக இஃது இருந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு.

இக்கோயில்களின் கட்டுமானத்தில் அறியத்தக்க நுட்பம் ஒன்றுள்ளது. தஞ்சையிலும் மதுரையிலும் போலக் கருங்கல்லை மலைமலையாய்க் குவிக்கும் வசதி இம்மணற்பரப்பில் இல்லை. ஆதலால் இங்குள்ள தச்சர்கள் செம்புறைக்கல்லை மிகுதியாகக் கையாண்டனர். அது மண்ணிலிருந்து வெட்டும்போது மென்மையாய் இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் இயல்புடையது. தேனடைபோல் துளைகள் கொண்டது. அதில் நுண்ணிய உருவம் செதுக்க இயலாது. எனவே சுவரின்மேல் சுதை பூசினர். விமானத்தைச் செங்கல்லால் எழுப்பிச் சுதையுருவங்களால் அணி செய்தனர். சிறுசிற்பங்களும் கல்வெட்டுகளும் வேண்டிய இடங்களுக்கு மட்டும் வேற்றூரிலிருந்து கல் வருவித்தனர்.

சுதைக்கு வேண்டிய சுண்ணாம்பை ஏரியே தந்தது. ஏரிப்படுகையில் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் கிளிஞ்சல்களை வாரிக் காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, மணல் சேர்த்துச் செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப்பாகும் கலந்து பூசுவது நம் முன்னோர் முறை. கிளிஞ்சற் சுண்ணாம்பு மெழுகினாற்போல் வழவழப்பானது. சென்னைப் பட்டினத்து மாளிகைகளின் சுவர்கள் பளிங்கு போலிருந்தன என்று வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதியதும் இத்தகைய சுண்ணாம்பைப் பற்றியே. அப்பூச்சு மூச்சுவிடும், கல்லினுள் ஏறிய ஈரத்தையும் உவரையும் வெளியே விட்டுவிடும். காலப்போக்கில் பூச்சு உதிரும்; கல் பிழைக்கும். உதிர்ந்ததை மீண்டும் பூசிக்கொள்ளலாம். உதிரும்பொருட்டே பூசப்பட்டது அது என்றாலும் தவறில்லை.

இனி இத்துறைமுகத்தின் செல்வக்காலத்தைக் காண்போம். கிரேக்க மாலுமியின் பழைய ஏட்டில் வரும் 'பொதுகே' என்னும் துறை பழவேற்காடே என்று சிலர் எழுதினர். புதுவைக்கு அண்மையிலுள்ள அரிக்கமேடே அது என்பார் கூற்றே இன்று வலிமையுடையது. இல்லாத பழைமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இவ்வூருக்கு இல்லை. விசயநகரப் பேரரசின் பெருந்துறைகளுள் ஒன்றாய், பதினாறாம் நூற்றாண்டில் மலாக்காவோடும் பெகுநாட்டோடும் வணிகம் நடத்தியதே இதற்குப் போதிய பெருமை. பெகுவின் மாணிக்கக்கற்கள் இங்கு வந்திறங்கின. இங்கு நெய்த வண்ணத்துணிகள் கீழ்நாடுகளுக்குச் சென்றன. அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் இசுலாமியரும், தெலுங்குச் செட்டிகளும், தமிழ் வணிகரும் அருகருகே வாழ்ந்தனர். போர்த்துக்கீசியர் வந்து மாதாகோயில் ஒன்றை எழுப்பினர். அது மகிமை மாதா திருத்தலமாக இன்றும் விளங்குகிறது.

அவருக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். விசயநகர வேந்தர் வேங்கடபதி தேவராயரிடம் 1610 ஆம் ஆண்டில் வணிக உரிமை பெற்றனர். 1612 இல் போர்த்துக்கீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கியழித்தமையால், 1613 இல் கோட்டை கட்டிக்கொண்டனர். தம் நாட்டுக் கெல்தர்லாந்து மாநிலத்தின் பெயரால் அதற்குக் கெல்திரியா என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக 1690 வரை அது விளங்கியது. அக்கோட்டையுள் நாணயம் அடித்தனர்; ஊரில் வெடிமருந்து செய்தனர்; நெசவாளரிடம் முன்பணம் தந்து துணி வாங்கினர்.

துணியை மட்டுமா வாங்கினர்? மனிதரையும் வாங்கினர். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் நேர்ந்தபோதெல்லாம், உண்ண வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களையும், கள்ளத்தனமாய்க் கவர்ந்து வரப்பட்டவர்களையும் இத்துறையிலிருந்து கப்பலேற்றினர். இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவிற்கும் பிற தீவுகளுக்கும் அடிமைகளாய் அவர்கள் அனுப்பப்பட்டனர். அங்ஙனம் சென்றோர் ஆயிரக்கணக்கினர். பழவேற்காட்டுத் துணி பெயர் பெற்ற தீவுகளிலேயே பழவேற்காட்டிலிருந்து சென்ற மாந்தர் பெயரிழந்தனர். இவ்வூரின் பழம்பெருமை பேசுவோர் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றனர். விடுதல் முறையன்று.

ஆங்கிலரும் இங்கு இடம் தேடினர். அவர்தம் கப்பல் ஒன்று 1611 இல் இத்துறைக்கு வந்தது. ஒல்லாந்தர் இடங்கொடாமையால் வடக்கே சென்றது. பின்னர் ஏரியின் வடபுறத்துத் துர்க்கராயப்பட்டினத்தில் 1626 இல் ஒரு பண்டகசாலை அமைத்தனர். அவ்விடத்தை அவர்கள் 'ஆர்மகான்' என்றனர். தமக்கு உதவிய ஆறுமுக முதலியார் என்பாரின் பெயரால் அங்ஙனம் அழைத்தனர் என்பர். முருகப்பெருமானின் திருப்பெயர் ஆங்கிலர் நாவில் அவ்வாறு உருமாறியது போலும். அங்கிருந்த பிரான்சிசு டே என்பவர்தாம் தெற்கே வந்து, 1639 இல் சென்னையில் கோட்டை கட்டுதற்கு இடம் பெற்றவர். பழவேற்காட்டில் கதவு அடைக்கப்பட்டமையின் விளைவாகச் சென்னைப் பட்டினம் பிறந்தது எனல் மிகையாகாது. சென்னை வளர வளரப் பழவேற்காடு தளர்ந்தது. 1781 இல் ஆங்கிலர் கோட்டையைக் கைப்பற்றினர். இடையில் திருப்பித் தந்து மீண்டும் கொண்டனர். இறுதியாக 1825 இல் உடன்படிக்கையின்படி ஊர் அவர்க்கே உரியதாயிற்று.

இன்று அக்கோட்டை இருந்த இடத்தில் புதர்மண்டிய மேடும் அகழியின் தடமுமே உள்ளன. ஒல்லாந்தர் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. அதன் வாயிற்றூண்களில் மனித எலும்புக்கூடுகள் கல்லிற் செதுக்கி நிறுத்தப்பட்டுள்ளன. நிலையாமையை நினைவூட்ட அந்நாட்டார் கையாண்ட முறை அது. சுடலைப்பொடி பூசிய பெருமானை வழிபடும் சைவர்க்கு அக்கருத்து விளங்காததன்று. கடல்கடந்து வந்து இளமையிலேயே இறந்தோர் பெயர்கள் அக்கற்களில் அழகிய எழுத்துகளில் உள்ளன. அவர்களால் விலைக்கு வாங்கப்பட்டோரின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

கோட்டைக்குக் கூலிகொடுக்க ஆள் இருந்தவரை கோட்டை நின்றது. அதற்கு விளக்கேற்றுவார் எவரும் இல்லை. குப்பங்களின் நிலை வேறு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குலத்து மீனவர்கள் 'பாடு' என்னும் முறையைப் போற்றி வருகின்றனர். முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டமுள்ள இடங்களில் முளையடித்து வலைகட்டினால் இறால் மிகும். அவ்விடங்கள் சிலவே, வலைஞரோ பலர். எனவே ஒவ்வொரு தலைக்கட்டும் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதனைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக் கொள்கின்றனர். வல்லான் வளைத்துக்கொள்வதும் எளியான் பட்டினி கிடப்பதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும் இத்தகைய குலுக்கல்முறை உண்டு. பாட்டில் இடம்பெறாத பிற குடியினரின் மனக்குறையும் உண்டு என்பதனை மறைத்தல் ஆகாது. இறாலின் விலை உயர்ந்த நாள்முதல் அது வழக்காகவும் வளர்ந்துள்ளது. ஆயினும் எழுதப்பட்ட சட்டம் ஏதுமின்றிப் பல தலைமுறை நின்ற ஒழுங்கு இது.

இதனைக் காணும் சைவர்க்கு அதிபத்த நாயனார் நினைவு வருதல் இயல்பு. நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் பரதவர் தலைவராயிருந்த அவர், வலையில் விழுந்த மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விடுவார். ஒரே மீன் சிக்கிய நாளிலும் அதனையே விட்டார். பொன்மீன் சிக்கிய நாளிலும் அதனையே விட்டார். பெற்றது முழுவதும் தனதன்று என்னும் நினைவே அவர் செய்த தொண்டின் உயிர். அந்நினைவு குப்பத்தில் நடைமுறையாய் இருப்பதனைச் சேக்கிழார் பெருமான் காண நேர்ந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

இவ்வொழுங்கிற்கு இன்று நேர்ந்துள்ள இடர் வேறுவகையினது. எண்ணூரில் 2001 இலும் அதன்பின் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இயங்கத் தொடங்கின. கடலுள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள், கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுக்கின்றன. அவற்றின் வடபுறத்தில் கடல் கரையை அரிக்கிறது. துறைமுக விரிவிற்கான திட்டம் எழுந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நின்றது இதனாலேயே. வாய் அடைபடாமல் இருபுறமும் கற்கரை அமைக்கும் முயற்சியும் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த பணி அரசின் பணியாயிற்று.

கோயில்களுக்கு நேர்ந்துள்ள இடரோ, பகையால் வருவதன்று, அன்பால் வருவது. குடமுழுக்கை ஆகமவழி வந்த மரபு நால்வகையாகப் பகுக்கும். புதிதாய் எடுத்த கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். வழிபாடு நின்றும், ஆறு, கடல் முதலியவற்றால் சிதைந்தும் போன கோயிலை மீட்டெடுத்துச் செய்வது அநாவர்த்தம். பழுதுற்றவற்றைப் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம். தகாதன நிகழ்ந்தவழித் தூய்மை செய்வது அந்தரிதம். கடலால் அழியும் கோயிலை முன்னோர் தனியே எண்ணி வைத்தமை பழவேற்காடு போன்ற ஊர்களுக்கென்றே அமைந்தது போலும். இந்நான்கனுள் எதிலும் பழைய கல்லை மறைக்கவோ அழிக்கவோ விதி கூறப்படவில்லை.

நடைமுறையோ வேறாயிற்று. பொருள் உடையோர் முன்வந்து திருப்பணி செய்யுங்கால், சுதை உதிர்ந்த செம்புறைக்கற் சுவரின்மேல் சிமெண்டைப் பூசுகின்றனர். அன்று பார்க்கப் புதுமையாய் இருக்கும். சிமெண்டு மூச்சுவிடாது, நிலத்திலிருந்து ஏறும் உவர்நீர் வெளியேற வழியின்றிக் கல்லினுள்ளே தங்கி, உப்பாய் உறைந்து, கல்லை உட்புறத்தே வெடிக்கச் செய்யும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம்பாளமாய்க் கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். கருங்கற் சுவர்களிலோ எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென்று மணலை விசையோடு பீச்சினர். பிசுக்கோடு எழுத்தும் போயிற்று. பல ஊர்களில் நிவந்தம் கொடுத்தவன் பெயர், விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கை, நந்தவனத்தின் எல்லை ஆகியவை ஒரே பகலில் மறைந்தன. புதிய உபயதாரரின் பெயர் பளிங்குப் பலகையில் பதிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட உபயதாரரின் பெயர் தூளாய்ப் பறந்தது. அவரும் இவரைப் போன்றவரே அல்லரோ?

பெருமாள் கோயிலில் இவ்வகையில் ஒரு நல்ல செயல் நிகழ்ந்தது. பழங்கட்டடங்களைப் பேணுதலில் பயிற்சியுடையோர் முயன்று, செம்புறைக்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் உரிய முறையிலேயே அதனைச் சீர்செய்ய முற்பட்டனர். இத்தகைய வேலை விரைவில் முடியாது. சுண்ணாம்பு நீறுவதற்கு நாள் வேண்டும். புளிப்பதற்கு நாள் வேண்டும். பூசியபின் காய்வதற்கும் நாள் வேண்டும். குடமுழுக்கு நாளை முதலிற் குறித்துவிட்டுத் திருப்பணியைப் பின்னர்த் தொடங்குவோர்க்கு இது பொருந்தாது. சுண்ணாம்பு அரைக்கும் முறை அறிந்த கொத்தர்கள் இன்னும் சிலரே உளர். அவர்க்கு வேலை கொடுத்தாலன்றி அக்கலை அவரோடு முடியும்.

முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்பதற்குச் சான்று வேண்டுவோர் கொள்ளிடக்கரைத் திருமழபாடிக்குச் செல்லலாம். அங்குள்ள திருக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்டுமாறு முதலாம் இராசராச சோழன் தன் 28 ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். கற்களைப் பிரிப்பதற்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்கச் செய்தான். விமானம் எழுந்தது, அரசன் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரனின் 14 ஆம் ஆட்சியாண்டில், ஏட்டிலிருந்தவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. அவ்வேடு இன்று இல்லை. சுவரும் எழுத்தும் உள்ளன.

திருச்சிற்றம்பலம்